மில் வாசலில் கிடந்த ஈரச்சாக்கு

என் மதினியின் வேலையைக் காரணமில்லாமல் பறித்தவர் எங்கள் மில் மேலாளர். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அப்போது நானும் அண்ணன் மனைவியான இந்த மதினியும் கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை பார்த்தோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொள்ளும். காலுக்கொரு மண்கட்டியைத் தூக்கிக்கொண்டுதான் மில்லுக்கு வந்து சேருவோம். அந்த மண் பட்டால் நூல் வீணாகிவிடும் என்று மேலாளர் ரீலிங் வாசலில் ஒரு சாக்கை நனைத்துப் போடச் சொல்லியிருந்தார். வெறுங்காலோடு வருகிற அத்தனை பெண்களும் அதில் காலைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மழை நின்று தரை வெடித்த பிறகும் சாக்கை எடுக்கவில்லை. அது காய்ந்து நான் பார்த்ததே இல்லை.

மழை பெய்தால் புஞ்சைக் காட்டில் களையெடுக்க ஆள் தேடுவார்கள். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அந்த வேலைக்குப் போகிறவர்களை நிறுத்திவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவைத்திருந்தார். மதினி காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த அன்று அவர் அவள் காலைப் பார்த்தார். சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்திருந்தது.

“சேத்துப்புண்ணு. களையெடுக்கப் போயிட்டு காய்ச்சல்ங்கியா? வீட்டுக்குப் போ.”

அவ்வளவுதான் விசாரணை.

எனக்குக் கோபம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தேகம் இருந்தது. அதே வெள்ளைத்தோல் என் காலிலும் இருந்தது. நான் காட்டில் கால் வைத்து வருஷக்கணக்காகிவிட்டது. அண்ணனோ விடிந்ததிலிருந்து சேற்றில் நிற்கிற ஆள். அவன் காலைப் பிடித்து ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தேன். குதிகாலில் வெடிப்பு இருந்தது. விரல் இடுக்கு சுத்தமாக இருந்தது.

“நான் சேத்துலயே கெடக்கேன், எனக்கு வரலை. நிழல்ல நிக்குத மில்லுக்காரியளுக்கு வந்திருக்கு. சேறு ஆளு பாத்து வருமோ, ஏட்டி?” என்று சிரித்தான்.

அவன் விளையாட்டாகக் கேட்டதை என்னால் விட முடியவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களின் காலையெல்லாம் குனிந்து பார்த்தேன். மிஞ்சி எதுவும் களவு போய்விட்டதா என்று ஒருத்தி கேலி செய்தாள். பாதிப் பேருக்கு அதே புண். பஜாரிலேயே பிறந்து வளர்ந்து, சேற்றையே மிதிக்காத ஒருத்திக்கும் இருந்தது.

நானும் மதினியும் மருதாணியும் மஞ்சளும் அரைத்துப் பூசி, ஈரம் காயுமுன் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு படுத்தோம். காலையில் அவிழ்த்தால் அரிப்பும் நாற்றமும் கூடியிருந்தன. அதன் பிறகுதான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் துணி கட்டியதற்குத் திட்டினார். பிறகு நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

“இது பூசணம். ஊறுகாயில பூக்குதே, அந்த மாதிரி. ஒருத்தர் கால்ல இருந்து ஈரத்துல இறங்கும், அதை மிதிக்கிற அடுத்தவங்க கால்ல ஏறிக்கும். நீங்க எல்லாரும் எங்கயாவது ஒரே இடத்துல கால் வைக்கிறீங்களா?”

மதினிதான் சாக்கைச் சொன்னாள்.

டாக்டரம்மா ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார். போட்டால் எரியும். காலைக் கழுவியதும் விரல் இடுக்கை நன்றாக உலர்த்திவிட்டுப் போட வேண்டும். ஒருவர் துடைத்த துணியை இன்னொருவர் தொடக் கூடாது. அரிப்பு நின்ற பிறகும் சில வாரம் விடாமல் போட வேண்டும். மதினி அரிப்பு நின்றதும் விட்டுவிட்டாள். புண் திரும்பி வந்தது. மறுபடி ஆரம்பித்து, முழுக்கப் போட்ட பிறகே ஆறியது.

ஆறிய காலோடு அவளை மேலாளர் முன்னால் நிறுத்தி, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் காலைப் பார்க்கவே இல்லை.

“காட்டுல வாங்குனதை மில்லு தலையில கட்டுதியா? ஒன் வேலையப் பாரு.”

அடுத்த வாரம் சாக்கைக் காணோம். வாசலில் குழாய் போட்டார்கள். அவரவர் துணியை அவரவர் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. களிம்பு வாங்கிப் போட்ட பெண்களுக்குப் புண் ஆறியது, திரும்ப வரவில்லை. மதினியை மட்டும் கூப்பிடவில்லை. மேலாளர் சொன்ன களையெடுப்புக்கு அவள் அதன் பிறகுதான் போனாள். மழைக்காலம் முழுக்கச் சேற்றில் நின்றாள். புண் வரவில்லை.

அந்த மேலாளர் ஓய்வு பெற்று இதே ஊரில்தான் இருக்கிறார். அவரைக் கேட்கிறேன். சாக்கில் குற்றமில்லை என்றால் அதை ஏன் எடுத்தீர்கள்? குற்றம் இருந்தது என்றால் என் மதினியை ஏன் திரும்பக் கூப்பிடவில்லை? என் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம். ஷிப்டு விடுகிற நேரத்தில், சாக்கு கிடந்த அதே வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.