குணலட்சுமியின் காருக்குக் கூரை

குணலட்சுமி கார்க் கதவைச் சாத்திவிட்டு, இடுக்கில் ஒரு பஸ் ரிக்கற்றைச் செருகி இடைவெளி ஒரே அளவோ என்று மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பார். எங்கேயாவது ரிக்கற் இறுகினால் போச்சு. கதவுப் பிணைச்சலைக் கழற்றித் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார். யாழ்ப்பாணத்தில் மருந்துக்கடை வேலை முடிந்து அரியாலைக்கு வந்தால், தேத்தண்ணி குடிக்க முதலே கை கிறீசாகிவிடும்.

கார், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய இங்கிலாந்து எம்.ஜி., பந்தயக் கார்ச் சாதி. ஒரு வளவில் கோழிகள் அதற்குள் அடைகிடந்தன. அவற்றைக் கிளப்பிவிட்டு வாங்கி வந்தார். நெளிந்துபோன பின்பக்கத் தகட்டை மரச்சுத்தியலால் தட்டித் தட்டியே பழைய வளைவுக்குக் கொண்டுவந்தவர். கராஜ்காரர் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: பள்ளத்தைப் பசையால் நிரப்பலாம், ஜப்பான் எஞ்சின் போட்டால் சுகம். "அப்பிடியெண்டா ஜப்பான் காரையே வாங்கியிருப்பனே" என்பார். எதையும் பூசி மெழுகிப் பழகிய ஊருக்கு இது எங்கே விளங்கப்போகிறது!

அதைவிட ஊருக்குப் பொறுக்காதது, காருக்கு மேல்மூடி இல்லாததுதான். அது பிறந்ததே அப்படி, மழைக்கு மடித்து விரிக்கிற கன்வஸ் துணி போதும் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் உளைந்தது. கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். பாவம், தனிப் பொம்பிளை, முடிக்க ஏலாமல் விட்டுவிட்டா என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள்.

கதவுக்கு றப்பர் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அக்காவின் கணவர் செல்வநாயகம் உபகாரம் செய்துவிட்டார். படலைக்குத் தகரம் ஒட்டுகிற வெல்டரைக் கூட்டிவந்து காருக்குக் கூரை போடுவித்தார். வெல்டிங் சூட்டில் பின்தகடு அப்பளமாய்ப் பொங்கிப்போனது. கேளாமல் செய்கிற உதவிக்கு பிடித்து மறியலில் அடைக்க ஒரு சட்டமும் இல்லையே!

திரும்பி வந்தவருக்கு, இனி வெயிலும் படாது, மழையும் படாது என்று செல்வநாயகம் முகம் மலர விளக்கினார்.

"கூரை போட முதல் வீட்டுக்காரியைக் கேக்கிறேல்லையோ, அத்தான்?"

"நீ ஏலாமல் விட்டிட்டாய் எண்டெல்லோ நினைச்சன், பிள்ளை."

"உந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ."

குணலட்சுமி வெட்டுகிற மெசினை எடுத்தார். பொறி பறந்தது. கடைசி ஒட்டும் விட, கூரையின் பாரம் முழுக்கச் செல்வநாயகத்தின் கைகளில் இறங்கியது. இதை எங்கே வைக்கிறது என்று அவர் இரண்டு தரம் கேட்டார். குணலட்சுமியோ, கண்ணை மூடி, இன்னும் சூடு ஆறாத தகட்டில் உள்ளங்கையை வைத்து, பொங்கின இடம் எதுவரை போகிறது என்று தடவித் தேடிக்கொண்டிருந்தார்.