ஏர் பிடித்த மோட்டார்

முடிச்சூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மோட்டார் போடுகிறவர் ஜீவானந்தம். நூற்றிருபது வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றுவது, பல்பு மாற்றுவது, அடைப்பு எடுப்பது எல்லாம் அவர்தான். அவரிடம் இன்னொரு வித்தையும் உண்டு. காதில் விழுந்த எதையும் தொண்டையால் திருப்பித் தருவார். நடிகர் குரல் என்று நினைக்க வேண்டாம். அதை ஊரில் பாதிப் பேர் பண்ணுகிறார்கள். ஜீவானந்தம் பண்ணுவது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸி விற்பவரை, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆள் கூப்பிடும் ஷேர் ஆட்டோக்காரரை, தன் நாயை இங்கிலீஷில் திட்டும் மூன்றாம் மாடி டெபோரா டீச்சரை. பம்ப் ரூம் வாசலில் நின்று கேட்டால் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

அவருக்கு ஒரே ஆசை. பொங்கல் விழா மேடையில், மைக் பிடித்து, பத்து நிமிஷம். ஆறு வருஷமாகக் கேட்டார். ஒவ்வொரு வருஷமும் அவர் மனைவி தீபலட்சுமி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். செயலாளர் யக்ஞநாராயணன் ஆறு வருஷமும் "நெக்ஸ்ட் இயர் பார்க்கலாம்பா" என்றார். ரிட்டையர் ஆன மனிதருக்கு அதிகாரம் பண்ண எங்கள் சங்கத்தை விட்டால் வேறு இடம் ஏது?

இந்த வருஷம் ஒரு டிவி காமெடி நட்சத்திரத்தைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு வர வேண்டிய மகானுபாவர் ஆறரைக்கும் வரவில்லை. கூட்டம் நெளிந்தது. "ஜீவா, ஏறு. சார் வர்ற வரைக்கும் ஏதாவது பண்ணு" என்றார் செயலாளர். சாம்பார் வர லேட்டானால் மோரை ஊற்றுகிற மாதிரி.

ஜீவானந்தம் எடுத்தது எங்கள் மோட்டாரை. சுவிட்ச் விழும் சத்தம், முனகல், தண்ணீர் ஏறும் இரைச்சல், திடீரென்று ஏர் பிடித்து விக்கும் விக்கல். எவ்வளவு அச்சு அசலாக என்றால், பி பிளாக் தனசிங் எழுந்து, "யோவ், மோட்டார் ஏர் புடிச்சிருச்சு, காயில் எரிஞ்சிடும், ஆஃப் பண்ணுங்கய்யா!" என்று கத்தினார். செயலாளர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பம்ப் ரூமுக்கு ஓடினார்.

அங்கே மோட்டார் சும்மா கிடந்தது. ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்ன இருக்கிறது? எங்கள் மேதாவிகளுக்கு அது புரிந்தால்தானே! திரும்பி வந்த செயலாளர், "விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா? இறங்கு" என்று மைக்கைப் பிடுங்கினார். நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வந்துவிட்டிருந்த நட்சத்திரம் மேடை ஓரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் மேடையேறி, "வணக்கம் பல்லாவரம்!" என்றார். முடிச்சூர்க்காரர்கள் கை தட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து டிவியில் அந்த ஆள் மோட்டார் பண்ணினார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு கிழவரும் அதில் உண்டு. எங்கள் வாட்ஸப் குழு பொங்கி வழிந்தது. 'செம டேலண்ட்' என்று எழுதினார் தனசிங். ஓடுவது தான்தான் என்றுகூடத் தெரியாமல் யக்ஞநாராயணன் அதற்கு ஒரு ஹார்ட் போட்டார். இவர்களுக்கெல்லாம் காது எதற்கு, கம்மல் மாட்டவா?

போன ஞாயிற்றுக்கிழமை நான் பம்ப் ரூமில் இருந்தபோது செயலாளர் தன் மச்சினரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஜீவா, டிவியில அவர் பண்ணினாரே மோட்டார், அதைக் கொஞ்சம் பண்ணிக் காட்டேன்."

ஜீவானந்தம் பண்ணிக் காட்டினார்.

"பரவாயில்லையே, அவரைப் பார்த்துப் பார்த்தே ஓரளவு புடிச்சுட்டே. ஆனா அந்த ஒரிஜினல் டச் வரலை."

"ஆமா சார்" என்றார் ஜீவானந்தம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் போனதும் கேட்டேன்: "ஏங்க ஜீவா, அது உங்க சரக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? அன்னைக்கு எல்லாரும் பார்த்தாங்களே."

"எங்க சார் பாத்தாங்க? என்னிய கீழ எறக்கினப்போ ஏன்னு ஒர்த்தர் கேட்டீங்களா? அந்தாளு வந்தவொடனே அல்லாரும் போனத் தூக்கினு செல்ஃபி எடுக்க ஓடுனீங்க. மொத ஆளா ஓடுனது நீங்கதான்."