பதினேழு இடங்களில் நின்றாள்

மெட்ராஸில் அந்த ஒரு நாளில் என் மனைவி பதினேழு முறை நின்றாள். வருஷம் 1991. எண்ணியது நான். அவள் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது எங்களுக்குத் தெரிந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து.

மண்ணூரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கடற்கரை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கடலைப் பார்த்ததில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பக்கத்துத் தொழிற்சாலையில் டைம் கீப்பர். ஆட்கள் வரும் நேரம், போகும் நேரம் குறிக்கிற வேலை. மூன்று முறை நாள் பார்த்தோம், மூன்று முறையும் ஓவர்டைம் வந்து கெடுத்தது. நாலாவது முறை ஒரு தாளில் நாலு இடங்களை எழுதி, எதிரே மணியும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மியூசியம், மவுண்ட் ரோடு, கடற்கரை, லைட் ஹவுஸ். நடந்து பார்த்தால்தான் ஊர் மனதில் நிற்கும் என்பது என் கட்சி.

சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். நடக்கும்போது அடிகளை எண்ணுவது என் பழக்கம். இன்றைக்கும் விடவில்லை. அறுநூற்று நாற்பதாவது அடியில் வளையல் கடை முன்னால் நின்றாள். எதுவும் வாங்கவில்லை. அடுத்த நானூற்றுப் பத்தில் ஒரு சினிமா பேனர். "எம்மாம் பெரிய மூக்கு பாருங்க," என்றாள்.

மியூசியத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். மியூசியத்துக்கு மெட்ராஸ்காரர்கள் வைத்த பேர் அவளுக்கும் தெரியும். "செத்த காலேஜுன்னு சும்மாவா சொல்றாங்க. எல்லாம் எவ்ளோ நிம்மதியா கீது."

மவுண்ட் ரோட்டில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருநூறு அடிக்கு ஒரு முறை நின்றாள். சைக்கிள் கடை, போலீஸ்காரர் தலைக்கு மேலிருந்த குடை, பூட்டிக் கிடந்த ஏதோ ஒரு கேட்.

"கேட்டுல இன்னா இருக்கு பார்க்க?"

"நல்ல கேட்டுங்க. நம்மூர்ல இந்த மாதிரி இல்ல."

"நாப்பது நிமிஷம் லேட்டு."

"உங்க ஃபேக்டரி சங்கு இங்கயும் ஊதுதா?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒரு முறை நிறுத்தினாள். என்னைக் கேலி செய்ய இழுத்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

கடற்கரை மணலில் முப்பத்தெட்டு அடிதான். உட்கார்ந்துவிட்டாள். தண்ணீருக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. வா, காலையாவது நனைத்துக்கொள் என்றேன். "இங்கேர்ந்தே நல்லா தெரியுது," என்றாள். இதற்காகவா இருபத்திரண்டு வருஷம் கேட்டாள் என்று எரிச்சலாக இருந்தது. பதினைந்தாவது நிமிஷம் எழுப்பினேன். தாளில் ஓர் இடம் பாக்கி இருந்தது.

லைட் ஹவுஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆள் பூட்டிக்கொண்டிருந்தான். "உன்னாலதான்," என்றேன். அவள் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது பதினேழாவது. உதடு கறுத்திருந்தது. வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் தெருக்குழாயில் குடத்தோடு விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இராது.

"எவ்வளவு தூரம் நடந்தா மூச்சு வாங்குதும்மா? தோராயமா சொல்லுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நல்லா நடப்பேன்," என்றாள் என் மனைவி.

நான் சொன்னேன். அறுநூற்று நாற்பது, நானூற்றுப் பத்து, முன்னூற்று இருபது, இருநூறு, நூற்று எழுபது, முப்பத்தெட்டு. டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எண்ணிக்கிட்டே கூட நடந்தீங்களா?"

"அவருக்கு அது ஒரு வேலைம்மா," என்று என் மனைவி எனக்குப் பரிந்து பேசினாள்.

சின்ன வயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலின் மிச்சமாம். ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது என்றார்கள். வார்டில் அவளிடம், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அப்பவே வூட்டுக்குத் திருப்பிட்டிருப்பீங்க. அப்புறம் எந்த வருஷம் கூட்டிட்டுப் போவீங்க?"

அதற்குப் பின் பதினான்கு மாதம் இருந்தாள். கட்டிலிலிருந்து தண்ணீர்ப் பானை பதினொரு அடி. ஆறாவது அடியில் சுவரில் காலண்டர். அங்கே நின்று தேதி பார்ப்பாள். நானும் பக்கத்தில் போய் நின்று, அவள் நகரும் வரை தேதி பார்ப்பேன்.