கால் ஒன்று இல்லாத ஆண் வண்டு

சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு எழுந்த நேரம். தங்கச் சுரங்கத்தில் ஆள் ஏற்றி இறக்கும் கேஜிலிருந்து இறங்கி ஓடிவந்த ஆள், "ரைட்டரே, மேஸ்திரி செத்துப் பூட்டாரு" என்றான். அடி லெவலில் பாறை வெடித்து முட்டுக்கட்டைகள் முறிந்திருக்கின்றன. கீழே இருந்த ஆறு பேரையும் ஏணியில் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறிய மேஸ்திரி சின்னப்பனுக்குப் பிடி நழுவிவிட்டது. "எந்தக் கை?" என்று கேட்டேன். வந்தவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். வலது கை.

கல்லறையில் ஒருவர் அவரைச் சாது என்று பேசினார். யாரைப் புதைக்கிறோம் என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நண்பர்களே, நம் மரக்கிடங்கில் அவர் கையால் அடி வாங்காதவர் யார்? கிடங்கில் கணக்கெழுதும் ரைட்டரான நானே இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். ஒருமுறை மட்டும்தான் காரணம் இல்லாமல்.

காட்டிலிருந்து வந்த உளுத்த கட்டை ஒன்றை வண்டிக்காரன் ஒருவன் அடுப்பில் செருகிவிட்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சின்னப்பன் சோற்றுப் பானையை உதைத்துத் தள்ளினார். எரிகிற கட்டையை வெறும் கையால் இழுத்துப் போட்டு, வண்டிக்காரன் வாயில் ஒரு குத்து விட்டார். பல் தெறித்தது. "உள்ள உசுருங்க கீதுடா, பாவி!" பட்டைக்குள்ளிருந்து மூன்று வண்டுகள் ஓடி வந்தன. மெலிந்த கறுப்பு உடல். குட்டைச் சட்டை போட்டதுபோல் இறக்கைமூடி பாதி முதுகோடு நின்றுவிட்டது. வாலைத் தேளாட்டம் தூக்கிக்கொண்டன. ஒன்று ஓடும் வழியிலேயே ஒரு புழுவைக் கவ்வி இரண்டாகக் கிழித்தது. "நம்ம ஜாதிதான், ரைட்டரே" என்று சின்னப்பன் சிரித்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் துரைக்குப் பூச்சிப் பித்து. கண்ணாடி வைத்துப் பார்த்தவர், இதுவரை யாரும் எழுதாத இனம் என்று துள்ளினார். ஆனால் மூன்றும் பெண். ஆணின் வால்நுனியைப் பார்க்காமல் புது இனம் என்று எழுதினால் சீமையில் சிரிப்பார்களாம். "உயிரோடு ஒரு ஆண் கொண்டு வா" என்று பழுப்பு நிற மருந்துப் புட்டி ஒன்றைக் கொடுத்தார். சின்னப்பன் மரவண்டிகளோடு நான்கு முறை காட்டுக்குப் போனார். நான்காம் முறை கிடைத்தது.

கிடங்கை விட்டு வெளியே போகிற எவனும் தங்கம் எடுத்துப் போகவில்லை என்று கேட்டில் துணியை உதறி, வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்பது நமக்குப் பழகிப்போன அவமானம். அன்று புட்டியை மடியில் கட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார் சின்னப்பன். முந்தின நாள் எல்லோர் முன்னிலும் காரணமில்லாமல் என்னை அறைந்திருந்தார். அந்த எரிச்சல் எனக்கு. காவல்காரன் காதில், "இன்னிக்கு மேஸ்திரி மடியை நல்லாப் பாருப்பா" என்றேன். கொஞ்சம் மானம் போகட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பழுப்புப் புட்டியைப் பார்த்ததும் காவல்காரர்கள் தங்கத்தூள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். "தெற." "தொரை முன்னாலதான் தெறப்பேன்." முதல் தடியடி அவர் காதின்மேல் விழுந்தது. அவர் ஒருவனின் மூக்கை உடைத்தார். நான்கு பேர் சேர்ந்து சாத்தினார்கள். புட்டி கல்லில் மோதிச் சிதறியது. தரையில் ஓடிய வண்டின்மேல் அவர் வலது கையைக் குழித்துக் கவிழ்த்தார். கையின்மேல் பூட்ஸ் கால் ஏறியது. விரல் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை. முகமெல்லாம் ரத்தத்தோடு என்னைப் பார்த்துக் கத்தினார்: "கடிக்கிறான் ரைட்டரே! உசுரோட கீறான்!"

இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை. "எவனோ காவக்காரன் காதுல ஓதிக் குடுத்துருக்கான். தெரிஞ்சா அவன் கைய ஒடிப்பேன்" என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

துரையின் வண்டு விவரத்தைச் சீமைக்கு அனுப்ப நல்ல கையெழுத்தில் படியெடுத்தவன் நான்தான். தலை, மீசைகள், இறக்கைமூடியின் நீளம், வால்நுனியின் பிளவு, எல்லாம் எழுதினேன். பக்கத்தில் நின்ற சின்னப்பனிடம், பெயரைச் சேர்க்கட்டுமா என்று துரை கேட்டார். "என் பேரு எதுக்கு? ஒரு காலு இல்லன்னு மறைக்காம எழுதுங்க. பொய் எழுதாதீங்க" என்றார் அவர். 'ஆண்: இடது பின்னங்கால் இல்லை; பிடிக்கும்போது இழந்தது' என்று இங்கிலீஷில் எழுதினேன். மை உலர்ந்ததும் மடித்து உறையில் போட்டேன்.

அந்தப் படியின் நகல் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதிலே அந்த வரி பொய். பிடிக்கும்போது எதுவும் போகவில்லை. காட்டிலிருந்து கிடங்குவரை ஆறு காலோடு பத்திரமாகத்தான் கொண்டுவந்தார். கேட்டில் போனது வண்டுக்கு ஒரு கால், சின்னப்பனுக்கு ஏணியைப் பிடிக்கிற கை. ஓதிக் கொடுத்தவன் நான். அவர் இருக்கும்போது சொல்லியிருந்தால் என் கையை ஒடித்திருப்பார். ஒடித்திருக்கட்டும்.