ஆறு எண்ணுவதற்குள் அணைய வேண்டிய விளக்கு

சவரிமுத்து காரின் முன்மூடியை முதலில் திறப்பதே இல்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் பாதி திருப்பி நிறுத்துவார். எஞ்சின் ஓடாது, மீட்டரில் விளக்குகள் மட்டும் மொத்தமாக எரியும். உடனே வகுப்பாசிரியர் மாதிரி பெயர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். “எண்ணெய்? வந்துட்டான். பேட்டரி? வந்துட்டான். பிரேக்கு? இருக்கான். ஏர்பேக்கு? ம்.” பிறகு யார் எப்போது அணைகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணுவார். விபத்தில் விரியும் காற்றுப்பைக்கான விளக்கு ஆறு எண்ணுவதற்குள் தானாகப் போய்விட வேண்டும். எண்ணெய் விளக்கு எஞ்சின் ஓடினால்தான் போகும். “வர வேண்டியவன் வரணும், போக வேண்டியவன் அவனவன் நேரத்துக்குப் போகணும். அவ்வளவுதான் வண்டி,” என்பார்.

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய மெங்லம்புவில், ஒரு டயர்க்கடைக்கும் பெயின்ட் பட்டறைக்கும் நடுவே இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு கொட்டகை, அதுதான் அவருடைய கார் வயர் வேலைக் கடை. வயது ஐம்பத்து நான்கு. மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்து இரண்டு வருடமாகிறது. பச்சை வயரைச் சுற்றிச் சமாளிக்கிறார். எத்தனையோ காரின் கோளாறைக் கண்டுபிடிக்கிற மனிதருக்குக் கண்ணாடிக் கடைக்குப் போக வழி தெரியவில்லை. தன்னைவிடப் பத்து வயது சிறியவராக இருந்தாலும் வண்டியோடு வருகிற பெண்கள் எல்லாரும் அவருக்கு அக்காதான்.

பேட்டரி மாற்றிய மறுநாள் வருகிறவர்கள்தான் அவரிடம் அதிகம். புது பேட்டரி போட்டதும் வண்டி பழைய பழக்கமெல்லாம் மறந்துவிடும். கடிகாரம் பன்னிரண்டில் நிற்கும், ஜன்னல் பாதியில் முரண்டு பிடிக்கும், எஞ்சின் மூச்சிரைக்கும், மீட்டரில் தீபாவளி. போன மாதம் ஒருவர் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமே கட்டிக்கொண்டு வந்தார். சவரிமுத்து பழத்தைப் பத்திரமாக அவிழ்த்துக் கையில் கொடுத்து, “இத தண்ணியில பிழிஞ்சு குடிங்க பாஸ். அதுக்குள்ள நான் பேயோட்டிடறேன்,” என்றார். பேட்டரி முனையை இறுக்கியதும் பேய் ஓடிவிட்டது.

வேறு கடையில் கம்ப்யூட்டர் போய்விட்டதாகச் சொன்னார்கள் என்றால் மட்டும் கோபம் வரும். “கம்ப்யூட்டர் போகல. சொன்னவனோட கைதான் போச்சு.” அதைவிடக் கோபம் வருவது, விளக்கை மறைத்துத் தரச் சொன்னால். கறுப்பு டேப் ஒட்டுங்கள், பல்பைப் பிடுங்குங்கள் என்று கேட்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார். “விளக்க மறைக்கிற ஆளு நான் இல்ல. வேற கடையப் பாருங்க.” இந்தப் பேருக்காகவே வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் தூரத்துக் கோலகங்சாரிலிருந்துகூட வருகிறார்கள்.

சென்ற புதன்கிழமை பத்து மணிக்கு வந்தவர் ரொஸ்னானி. கைப்பேசிச் செயலி வழியாக ஆள் ஏற்றி இறக்கும் பெண் ஓட்டுநர். வெள்ளி நிறச் சிறு கார். முந்தின நாள் பெட்ரோல் நிலையத்தில் யாரோ பேட்டரி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்போதிலிருந்து மீட்டரில் நாலைந்து விளக்கு விட்டு விட்டு எரிகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு வருடாந்திரச் சோதனை. ஒரு விளக்கு எரிந்தாலும் தேறாது. தேறாவிட்டால் அன்றிரவே உரிமம் முடிகிறது.

“அண்ணே, வண்டி நின்னா வீட்டுல அடுப்பும் நின்னுரும். மூணு மணிக்குள்ள முடியுமா?”

“பசியாறியாச்சா அக்கா? இல்லன்னா போய்ப் பசியாறிட்டு வாங்க. நீங்க நகத்தக் கடிக்கறதப் பாத்தா எனக்குக் கை ஓடாது.”

முதலில் உள்ளே ஏறி எண்ணிப் பார்த்தார்; விளக்குகள் கண்டபடி எரிந்து அணைந்ததில் கணக்கு நிற்கவில்லை. மூடியைத் திறந்ததும் சிரித்துவிட்டார். புது பேட்டரியின் முனை மெலிசு, பழைய வளையம் பெரிசு. நடுவில் பால் டின்னைக் கத்தரித்துச் சொருகியிருந்தார்கள். சரியான வளையம் மாட்டி, துருவேறிய எர்த் கம்பியைச் சுரண்டி இறுக்கி, வண்டிக்கு நினைவு வர ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக் காட்டினார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கைகட்டிக்கொண்டு தள்ளி நின்றார். இந்தப் பத்து நிமிடம் யாரும் வண்டியைத் தொடக் கூடாது. கதவைக்கூடச் சாத்தக் கூடாது. பக்கத்து டயர்க்கடை முதலாளி கோக் வெங் எட்டிப் பார்த்து, “என்ன சவரி, வேல செய்யாம வேடிக்க பாக்கற?” என்றார்.

“உஷ்! பாடம் படிச்சிட்டிருக்கு. எவ்வளவு மூச்சு விடணும்னு மறந்துபோச்சு, பாவம்.”

எஞ்சின் மெல்ல அடங்கிச் சீரானது. ஒரு விளக்குகூட இல்லை. ரொஸ்னானி கையைத் தட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானார். ஆனால் சவரிமுத்து வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே ஏறினார். எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பாதி திருப்பி எண்ணினார். ஆறு ஆயிற்று, பத்து ஆயிற்று. காற்றுப்பை விளக்கு போகவில்லை. எஞ்சினை ஓடவிட்டார். எண்ணெய் விளக்கும் காற்றுப்பை விளக்கும் கைகோத்துக்கொண்டு ஒரே நொடியில் அணைந்தன.

அவருக்கு அது போதும். எவனோ காற்றுப்பை விளக்கை எண்ணெய் விளக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான். சோதனை அதிகாரி பார்க்கும்போது அழகாக எரிந்து அழகாக அணையும். உள்ளே காற்றுப்பை செத்துக் கிடந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. “திருட்டுப் பய,” என்று முனகிக்கொண்டே மீட்டரை வெளியே இழுத்துப் பின்பக்கம் பார்த்தார்.

நாலு விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு வயர். அதன்மேல் துணி டேப். டேப்பின் நுனி, பின்னால் உரிக்க வசதியாக ஒரு சின்னக் காது போல மடித்து விடப்பட்டிருந்தது. இந்த ஊரில் டேப்பை அப்படி மடித்துவிடுகிற கை ஒன்றுதான் உண்டு. அவர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“உள்ள பாம்பா இருக்கு?” என்று கோக் வெங் கேட்டார்.

“அண்ணே, எல்லாம் போயிடுச்சுல்ல? நான் கிளம்பவா?” என்றார் ரொஸ்னானி.

கிளம்பச் சொல்லியிருக்கலாம். மீட்டரை உள்ளே தள்ளி நாலு திருகாணி போட்டால் வண்டி மூன்று மணிக்குத் தேறிவிடும். அக்கா சந்தோஷமாகப் போவார், நாலு பேரிடம் புகழ்வார். திருகாணியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

“அக்கா, இந்த வண்டிய எங்க வாங்குனீங்க?”

அவர் ஒரு பழைய கார் கடையின் பெயரைச் சொன்னார். சவரிமுத்து திருகாணியைக் கீழே வைத்தார்.

“கொரோனாத் தொற்றுக் காலத்துல என் கடைக்கு ஒரு வண்டி வரல. பதினோரு மாசம் அங்கதான் வேல செஞ்சேன். ஏர்பேக் கோளாறப் பாக்க நேரமில்ல, விளக்க மட்டும் கட்டிவிடுன்னாரு மொதலாளி. கட்டினேன். இது என் கை அக்கா.”

ரொஸ்னானிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. “என் மக அண்ணே! மூணு வருஷமா தினமும் முன் சீட்டுலதான் உக்காந்து பள்ளிக்கூடம் போறா! விளக்க மறைக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்றது நீங்கதான?”

“ஆமா. அங்கேர்ந்து வெளிய வந்தப்புறம்தான் அப்படிச் சொல்ல ஆரம்பிச்சேன்.”

சவரிமுத்துவை வெட்கம் பிடுங்கித் தின்றது. ரொஸ்னானி சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தார். அவரோ மணி பார்த்தார், பன்னிரண்டே கால்.

“நின்னுட்டே இருந்தா எப்படி? சரி பண்ணுங்க!”

சவரிமுத்து அந்தச் சிவப்பு வயரைக் கத்தரித்து, விளக்கை அதன் பழைய இடத்தில் சேர்த்தார். இப்போது காற்றுப்பை விளக்கு உண்மையைச் சொன்னது, எரிந்துகொண்டே இருந்தது. சோதனைக் கருவியைச் செருகியதில், கோளாறு முன்பக்கப் பயணி இருக்கைக்கு அடியில் என்று காட்டியது. அங்கிருக்கும் மஞ்சள் இணைப்பைத் தொடுவதென்றால் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் சும்மா இருந்தாக வேண்டும். இல்லையென்றால் பை முகத்தில் வெடிக்கும். அதாவது, காலையில் படித்த பாடம் முழுக்க வண்டி மறுபடி மறக்கும். மறக்கட்டும் என்று கழற்றினார். அந்தப் பத்து நிமிடமும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இருக்கைக்கு அடியில் ஒரு கொண்டை ஊசி, பென்சில் சீவல், முன்பு வண்டி வைத்திருந்தவர் என்றோ கொட்டிய சர்க்கரைப் பானத்தின் பிசுக்கு. பிசுக்கு மஞ்சள் இணைப்புக்குள் இறங்கி அதன் செப்பு ஊசிகள் பச்சை பூத்திருந்தன. குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊசியாகத் துடைத்தார். “பை நல்லாத்தான் இருக்கு அக்கா. சேதி போற வழிதான் அடைபட்டுக் கிடந்துச்சு,” என்று இருக்கைக்கு அடியிலிருந்தே கத்தினார். இணைப்பு ‘டக்’ என்று உட்கார்ந்தது. பேட்டரியை மாட்டி, பதிந்திருந்த கோளாறைக் கருவியில் அழித்தார்.

சாவி பாதி திரும்பியது. இந்த முறை ரொஸ்னானியும் ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சேர்ந்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறில் விளக்கு தானாகவே அணைந்தது; எண்ணெய் விளக்கு மட்டும் தனியாக எரிந்துகொண்டிருந்தது. சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோக் வெங்கிடம் வியர்வை என்றார்.

மறுபடி ஸ்டீயரிங், ஜன்னல், பத்து நிமிட மூச்சுப் பாடம். இரண்டே காலுக்கு வண்டி போயிற்று. ரொஸ்னானி நன்றிகூடச் சொல்லவில்லை. சவரிமுத்து அன்று வேறு வண்டியைத் தொடவில்லை.

நாலரைக்கு வெள்ளிக் கார் திரும்பி வந்தது. ரொஸ்னானி சோதனைச் சீட்டையும் வாழைப்பழப் பலகாரப் பொட்டலத்தையும் மேசைமேல் வைத்தார். “தேறிடுச்சு. ஆனா கோவம் இன்னும் போகல. சாப்பிடுங்க.” பிறகு, “இந்த மாதிரி எத்தன வண்டி கட்டுனீங்க?” என்றார்.

“பதினாலு. மத்ததெல்லாம் எங்க ஓடுதுன்னு தெரியல. அந்தக் கடையையே மூடிட்டாங்க.”

“எங்க ஓட்டுநர் குழுவுல நானூறு பேரு இருக்காங்க. பாதி பேரு அந்த மாதிரி கடையில வாங்குனவங்கதான்.” கைப்பேசியை அவர்முன் நீட்டினார். “பேசுங்க. இத அழுத்திப் பிடிச்சிட்டே பேசணும். விரல எடுத்தா குழுவுக்குப் போயிடும். வேணாம்னா இந்தப் பக்கம் இழுத்துடுங்க, அழிஞ்சிடும்.”

“பைத்தியமா சவரி?” கோக் வெங் பலகார வாயோடு பதறினார். “நாளைக்கு ஒருத்தன் உன் கடைக்கு வரமாட்டான்!”

சவரிமுத்து கையைத் துணியில் இருமுறை துடைத்தார். கைப்பேசியை வாங்கி, கட்டைவிரலை அழுத்தினார்.

“வணக்கம். நான் மெங்லம்பு சவரிமுத்து, வயர் வேல பாக்கறவன். தொற்றுக் காலத்துல ஒரு பழைய கார் கடையில, பதினாலு வண்டியில ஏர்பேக் விளக்க எண்ணெய் விளக்கோட சேத்துக் கட்டிவிட்டேன். ஏமாத்து வேலதான். சாவிய பாதி திருப்பி ஆறு எண்ணிப் பாருங்க. ஏர்பேக் விளக்கு தானா அணையலன்னா என்கிட்ட கொண்டு வாங்க. காசு வேணாம். அதுவரைக்கும் முன் சீட்டுல பிள்ளைங்கள உக்கார வைக்காதீங்க.”

பேசி முடித்தும் கட்டைவிரல் அழுத்தியபடியே இருந்தது. கைப்பேசி அவர் மூச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தது. கோக் வெங் அந்தப் பக்கம் இழு என்று கையால் சாடை காட்டினார்.

சவரிமுத்து விரலை எடுத்தார்.