ஊதாச் சட்டைக்காரர்களும் மருதமுத்து டிரெசரின் மீசையும்

மலாக்காவில் லூபோக் சீனாவைத் தாண்டி மாநில எல்லையோரமாக இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், மருதமுத்து டிரெசர் வருவதற்கு முன்னால் அவர் மீசை வந்துவிடும். அவர் வேலை பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் கசப்பு மருந்தைக் கண்டு அழுத பிள்ளைகளைவிட மீசையைக் கண்டு அழுத பிள்ளைகளே அதிகம். ஆனால் மனிதர் பஞ்சு. பால்வெட்டுக் கத்தி பட்ட கைக்குக் கட்டுப் போடும்போது, வலி தனக்குத்தான் என்பதுபோல அவரே பல்லைக் கடித்துக்கொள்வார்.

குறை ஒன்றுதான். வாய். சண்டைக் காலத்தில் இந்தியப் பட்டாளத்தின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து இத்தாலி வரைக்கும் போய் வந்தவர் அவர். ஃபுளோரன்ஸ் என்ற ஊரில் சில வாரம் இருந்திருக்கிறார். ஒரே ஒரு பாலத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஜெர்மன்காரன் உடைத்துப்போட்ட கதையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். கேட்பவர்களுக்கும் வேறு போக்கிடம் கிடையாது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. கடலோரத்தில் கிளேபாங் பக்கமெல்லாம் கெடுபிடி தளர்ந்து மூன்று வருஷம் ஆகியும், இந்தப் பக்கம் முள்வேலியும் வாசல் சோதனையும் அப்படியேதான் இருந்தன. வேலை முடிந்து வந்தால் ஆஸ்பத்திரி வராந்தா, டிரெசரின் இத்தாலி. அவ்வளவுதான் பொழுதுபோக்கு.

ஃபுளோரன்ஸில் அவருக்கு நெல்லோ என்று ஒரு கூட்டாளி. தோல் கம்பெனி முதலாளி என்று டிரெசர் சொல்வார். மாதம் ஒரு கடிதம் நெல்லோவிடமிருந்து அரைகுறை இங்கிலீஷில் வரும். கடிதம் முழுக்கக் கால்பந்துதான். அவர்கள் ஊர்க் குழுவின் பெயர் ஃபியோரெந்தினா. ஒருநாளும் நாட்டில் முதலிடம் வந்ததில்லை. அந்த வருஷம், ஐம்பத்தைந்தில் தொடங்கிய பருவத்தில், தோற்கவே மாட்டேன் என்று ஆடிக்கொண்டிருந்தது.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கணேசமூர்த்திக்கு இதில் நம்பிக்கை இல்லை. இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர் அல்லவா!

“ஊதாச் சட்டை போட்டுக்கிட்டு ஆடுறானுங்களா? பந்து வெளயாடுறானுங்களா, வளைகாப்புக்குப் போறானுங்களா?”

மே மாதம் அதே கிராணி, அதே பேப்பரிலிருந்து மூன்று வரிச் செய்தியை வாசிக்க வேண்டியதாயிற்று. ஐந்து ஆட்டம் மீதி இருக்கும்போதே ஊதாச் சட்டைக்காரர்கள் முதலிடத்தை உறுதி செய்துவிட்டார்கள். டிரெசர் வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் பால் தேநீர் வாங்கிக் கொடுத்தார். சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல இருந்தது நெஞ்சு.

கிராணிக்குப் பொறுக்கவில்லை. “இன்னும் அஞ்சு ஆட்டம் இருக்குலா. கடைசி வரைக்கும் தோக்காம முடிச்சுருவானுங்களா?”

“முடிச்சுருவானுங்க.”

“முடிக்கலன்னா?”

“மீசைய எடுத்துர்றேன்யா!”

நுணலும் தன் வாயால் கெடும். சொன்ன மறுகணமே டிரெசரின் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. அந்த மீசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கட்டிக்கொண்ட மங்களத்துக்கே தெரியாது.

ஒரு தழும்பு இருந்தது. ஃபுளோரன்ஸ் ஆற்றங்கரையில் நெல்லோவின் சந்துக்காரர்களோடு பந்தாடும்போது எவனோ ஒருவனின் பூட்ஸ் பட்டு உதடு மூக்குவரைக்கும் கிழிந்தது. படையோடு வந்த டாக்டர்கள் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஊர்க்காயத்துக்கெல்லாம் தையல் போட்ட மருதமுத்துவுக்குத் தையல் போட ஆளில்லை. நெல்லோதான் பட்டு நூலையும் இரண்டு ஊசியையும் வெந்நீரில் போட்டெடுத்துத் தைத்தான். தைத்துவிட்டு, தன் வீட்டு மேசையிலேயே உட்காரவைத்துப் பதினோரு நாள் கஞ்சி ஊட்டினான். நெல்லோ எந்தக் கம்பெனிக்கும் முதலாளி இல்லை. அந்தச் சந்தில் செருப்புத் தைக்கிறவன்.

அதை எப்படிச் சொல்வது? செருப்புத் தைக்கிறவன் கை முகத்தில் பட்டது, அவன் தட்டில் சாப்பிட்டது என்று தெரிந்திருந்தால் மங்களத்தின் அப்பா பெண் கொடுத்திருப்பாரா? தோட்டத்திலேயே பிச்சைமுத்து இருந்தார். வெளிக்காட்டில் புல் வெட்டுபவர். தோட்டத்துக் குழுவின் பந்தையும் பூட்ஸையும் தைத்துக் கொடுப்பவரும் அவர்தான். அவர் மருந்து வாங்க வந்தால் படிக்குக் கீழேதான் நிற்பார். எல்லாருக்கும் கிளாஸில் வரும் தேநீர் அவருக்கு மட்டும் தகரக் குவளையில் போகும். அன்றைக்கு ஊதாச் சட்டைக்காக ஊற்றிய தேநீரும் அப்படித்தான் போயிற்று. டிரெசர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நான்கு ஆட்டம் மானத்தைக் காப்பாற்றிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, கடைசி ஆட்டத்தில் சறுக்கியது. ஜெனோவா ஊர்க்காரர்கள் மூன்று, ஊதா ஒன்று. கிராணி பேப்பரைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தார்.

“கீழ விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலன்னு சொல்லப்போறாரு பாருங்க!”

மங்களத்துக்குக் கோபம். “அண்ணே, மொதல்ல வந்தது அவங்கதான? வெளயாட்டுக்குச் சொன்னதப் போயி...”

கிராணியும் அப்படியொன்றும் கல்மனசுக்காரர் இல்லை. டிரெசரின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “சரி விடுங்க டிரெசரே, ஜெயிச்சது ஜெயிச்சதுதான்லா,” என்று தோளில் தட்டினார். ஆளாளுக்குக் கலைந்தார்கள். தப்பித்தாயிற்று.

இரண்டு வாரம் கழித்து, வாசல் சோதனையில் பிரித்துப் பார்த்து ஒட்டிய உறையோடு நெல்லோவின் கடிதம் வந்தது. ‘ஒன்று தோற்றோம், போகட்டும். முதலிடம் வந்த அன்றைக்குக் குடித்தது எனக்கு இன்னும் தெளியவில்லை. அதிருக்கட்டும், என் தையல் எப்படி இருக்கிறது? கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் என் ஞாபகம் வருமே!’

டிரெசர் கண்ணாடியைப் பார்த்தார். மீசைதான் தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்தத் தையலை அவர் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. “அட பாவி,” என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரும் கேட்காமலே, வராந்தாவில் முக்காலியைப் போட்டுச் சவரக்கத்தியோடு உட்கார்ந்தார். சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? லயத்து வீடுகளில் இருந்தவர்களெல்லாம் வந்து நின்றார்கள். தைத்து முடித்த பந்தைக் கொடுக்க வந்த பிச்சைமுத்துவும் படிக்குக் கீழே நின்றார்.

மீசை விழுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரெசர் நிமிர்ந்ததும் சிரிக்க வந்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

“என்னாங்க இது?” என்றாள் மங்களம்.

கிராணியின் குரலே மாறிவிட்டது. “குண்டு பாஞ்சதா டிரெசரே? சொல்லவே இல்லையே!”

தலையை ஆட்டினால் போதும். தோட்டமே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். டிரெசர் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“குண்டு இல்லீங்கய்யா, தையலு,” என்றார் பிச்சைமுத்து. “டாக்டரு போட்டா தனித்தனி முடிச்சா இருக்கும். இது ரெண்டு ஊசி, ஒரே நூலு. நாங்க போடுற தையலுங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார். எல்லாரும் டிரெசரையே பார்த்தார்கள்.

“ஆமா,” என்றார் டிரெசர். விரலால் தழும்பைத் தொட்டுக் காட்டினார். “நெல்லோ போட்டது. அவன் மொதலாளியும் இல்ல, ஒன்னும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். செருப்புத் தைக்கிறவன். அவன் வீட்ல, அவன் தட்டுல, பதினோரு நாளு சாப்புட்டேன். அந்தக் கை இல்லன்னா எனக்கு வாயே இல்ல.”

மங்களம் விருட்டென்று உள்ளே போனாள்.

“மேல வாங்க பிச்சமுத்து,” என்றார் டிரெசர். “கிட்ட வந்து பாருங்க.”

பிச்சைமுத்து தயங்கித் தயங்கிப் படியேறினார். குனிந்தார். பந்தின் தையலைத் தடவுகிற அதே விரலால் தழும்பை மெல்லத் தடவி எண்ணினார். “ஒம்போது,” என்றார். “ஒன்னுக்கொன்னு ஒரே அளவு. நல்ல கைங்கய்யா.”

உள்ளே போன மங்களம் இரண்டு காப்பியோடு வெளியே வந்தாள். இரண்டும் கண்ணாடிக் கிளாஸ். ஒன்றைப் பிச்சைமுத்துவின் கையில் கொடுத்தாள். “சூடா இருக்கு, உக்காந்து குடிங்கண்ணே,” என்றாள். கிராணி எழுந்து தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டார்.

மீசை பிறகு அவர் வைத்துக்கொள்ளவே இல்லை. அன்று மத்தியானமே நெல்லோவுக்குப் பதில் எழுதினார். முதலிடம் வந்ததற்கு வாழ்த்து ஒரு வரி. அதற்குக் கீழே: ‘தையல் நன்றாக இருக்கிறது. இங்கே உன் தொழில்காரர் ஒருவர் பார்த்தார். நல்ல கை என்றார்.’