நீல உருண்டையில் என் கைவரிசை

ஒரகடம் ஃபேக்டரிகளில் ஓடுகிற பெரிய பிரஸ் மெஷின்களில் பாதி நான் பூட்டி நிறுத்தியவை. பள்ளிக்கூடத்தை எட்டாவதில் விட்டேன். அதுதான் என்னை விட்டது என்பாள் என் வீட்டுக்காரி. ஒரு ஃபேக்டரியில் மெஷினைக் கழற்றி, பாகத்துக்குப் பாகம் நம்பர் எழுதி, லாரியில் ஏற்றிப் போய் இன்னொன்றில் பூட்டிக் கொடுப்பது என் தொழில். இதுவரை ஒரு போல்ட்கூட மிஞ்சியதில்லை.

மருமகள் கெமிஸ்ட்ரியில் பெரிய படிப்பு. பிள்ளை பிறந்து மூன்று வருஷம் வீட்டில் இருந்துவிட்டு, மருந்து கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துக்கு இன்டர்வியூ போனாள். போர்டில் ஒரு மருந்தைக் கை மாற்றித் தப்பாக வரைந்துவிட்டாளாம். மறுபடி ஒரு தடவை கூப்பிட்டிருந்தார்கள். “இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான் மாமா. இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க” என்று சாப்பாட்டு மேசையிலேயே கிடந்து படித்தாள்.

செய்ய வேண்டிய மருந்தை முதலில் வரைவாள். பிறகு பின்னாலிருந்து துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டே போவாள், கடையில் கிடைக்கிற சரக்கு வரும்வரை.

“இதத்தாம்மா நான் முப்பது வருஷமா பண்ணிக்கினு கீறேன்!”

“ஆனா இதுல கை இருக்கு மாமா.”

“இன்னா கை?”

என் தோளில் கிடந்த வலது கை கிளவுஸை எடுத்து இடது கையில் மாட்டச் சொன்னாள். கட்டைவிரல் எங்கேயோ போய் நின்றது.

“அதே அஞ்சு விரல்தான், சேரலை பாருங்க. மருந்தும் அப்படித்தான். ஒரு கை நோயைத் தீர்க்கும், எதிர்க்கை சும்மா கிடக்கும்.”

“அட, கார் கதவு! லெஃப்ட் ஹேண்டு எல்.ஹெச்., ரைட் ஹேண்டு ஆர்.ஹெச்.!”

“குழந்த தூங்குது, கத்தாத. எட்டாங்கிளாஸ் ஃபெயிலு” என்றாள் வீட்டுக்காரி உள்ளேயிருந்து.

இன்டர்வியூவுக்கு முந்தின மத்தியானம், மருமகள் குழந்தையைக் குளிப்பாட்டப் போயிருந்தாள். மேசை மேல் நான் ஹெல்மெட்டை வைத்தேன். பிளாஸ்டிக் உருண்டையும் குச்சியுமாக அவள் கட்டி வைத்திருந்த மருந்து உருண்டு கீழே விழுந்தது. ஒரு கறுப்பு உருண்டையிலிருந்து நீலமும் பச்சையும் கழன்றுகொண்டன. ரெண்டு ஓட்டை, ரெண்டு உருண்டை. மாட்டிவிட்டேன். எதுவும் மிஞ்சவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் அதைப் பார்த்துத்தான் அவள் இன்டர்வியூவில் காட்ட வேண்டிய திட்டத்தின் கடைசி மூன்று தாளை வரைந்தாள்.

மறுநாள் காலை என் ஜீப்பில் போனோம். வல்லம் வடகால் திருப்பத்தில் ஒரு டிரெய்லர் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அவள் மடியிலிருந்த உருண்டைகளையும் பழைய நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாமா, இதை யாராவது தொட்டாங்களா?”

“யாரு தொடப்போறா?”

“நீலமும் பச்சையும் இடம் மாறியிருக்கு.”

“ரெண்டும் அங்கதானே கீது? கொறையலியே!”

சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது.

“ரெண்டு இடம் மாறினாலே கை மாறிடும் மாமா. மூணு தாளும் தப்பு.”

நாற்பது டன் தூக்கினவன் நான். அன்றைக்கு அந்த நீல உருண்டையை இன்னொரு தடவை தொடத் துணியவில்லை. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. உருண்டைகளை மாற்றி மாட்டி, என் கிளிப் பேடைப் பிடுங்கி வரைய ஆரம்பித்தாள். “கையை முடிவு பண்றது ஒரே ஒரு கேட்டலிஸ்ட். அதோட எதிர்க்கையைப் போட்டா மிச்சமும் திரும்பிடும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்னால் ஒரே ஹாரன். நான் இறங்கிப் போய் டிரெய்லர் டிரைவரிடம், “அவசரமே இல்ல தம்பி, பொறுமையா எடு” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

இன்டர்வியூ முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே ஒரு பெரியவர் கேட்டாராம்: “இதோட எதிர்க்கை மருந்து வேணும்னா திட்டத்தை எப்படி மாத்துவீங்க?” அவள் பையிலிருந்து அந்தத் தப்பான மூன்று தாளை எடுத்து வைத்திருக்கிறாள். “ரெண்டு கைக்கும் போட்டுக்கிட்டே வந்துட்டீங்களா!” என்று அவர் அசந்துபோனாராம்.

வேலை கிடைத்துவிட்டது. “அவ படிச்சா, அவ போறா. நீ இன்னாத்துக்கு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியற?” என்கிறாள் வீட்டுக்காரி. சொல்லாமல் எப்படி? ரெண்டாவது திட்டம் என்னுடையது.

மருமகள் இப்போது அந்த உருண்டைப் பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டுகிறாள். அந்த பீரோவைக் கழற்ற எனக்குப் பத்து நிமிஷம் போதும்.